எட்டு வயலின்கள் ஊமையான விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நலமாக இருக்கிறது. நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘ஹாலைப் பூட்டிவிடு.’ முப்பது வருஷம் வக்கீல் தொழில் பார்த்தவன், கட்சிக்காரர் பேச்சைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறாய்.

ஆகவே முதலில் ஒரு திருத்தம். வயலின் சத்தம் பொறுக்காமல் ஏழைப் பிள்ளைகளின் எட்டு வயலின்களையும் நான் வேண்டுமென்றே ஊமையாக்கினேன் என்றும், அதுவும் அதிகாரி பார்வையிட வந்த நாளாகப் பார்த்துச் செய்தேன் என்றும் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் ஊரெல்லாம் சொல்லி, அது உன் மனைவியின் காதுக்கு வந்து, அங்கிருந்து உன்னிடம் வந்திருக்கிறது. வயலின்கள் ஊமையானது உண்மை. ஊமையாக்கியது நான் என்பதும் உண்மை. வேண்டுமென்றே என்பது பொய். நான் செய்தது சுத்தம்.

கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் ஒன்று சொல்வார்கள்: முடிவை முதலில் எழுது, படிக்கிறவர் பாதியில் மயங்கி விழக் கூடாது. எனவே முடிவு இதுதான். வயலின்கள் போகவில்லை. எட்டும் நம் ஹாலிலேயே இருக்கின்றன. அப்பாடா என்று இருக்கிறது. மூன்று வாரமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பாரம் எழுந்து போய்விட்டது. நேற்று மதியம் சாப்பிட்ட கையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். உன் அத்தான் போன பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் நடக்காத காரியம். இனி பாக்கி உன் கையெழுத்து ஒன்றுதான். ஹாலில் பாதி உன்னுடையது என்பதால் உன்னைக் கேட்கிறேன். முழுதும் என்னுடையதாக இருந்தால் இந்தத் தாள் மிச்சம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன். போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்தி. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாமே மங்கல். வெளியிலிருந்து ஒரு ஆண் குரல், “அம்மா, பயப்படாதீங்க, பேசிக்கிட்டே இருங்க, நீங்க பேசினாத்தான் நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றது. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள் என்று ஒருவர் சொல்லி எவ்வளவு காலமாகிறது தெரியுமா? நாற்பது நிமிஷம் பேசினேன். கதவு திறந்தபோது நம் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வியாதி என்பதிலிருந்து நம் வீட்டில் கீழே பெரிய ஹால் ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. மேலேயிருந்து ஒரு கை வந்தது, பிறகு எண்ணெய்க் கறையோடு ஒரு முகம் வந்தது. அந்த முகம் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, அந்த ஹால் இப்பவும் சும்மாத்தான் இருக்கா?”

அவர்தான் மாஸ்டர். பகலில் லிஃப்ட் மெக்கானிக், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வயலின் வாத்தியார். சிறு வயதில் ஹாஸ்டலில் வளர்ந்தவர். அங்கே வார்டன் ஒருவர் தன் பழைய வயலினை ஒரு வாரத்துக்கென்று கொடுத்திருக்கிறார். “திருப்பி வாங்க மறந்துட்டாரா, இல்ல மறந்த மாதிரி இருந்துட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலம்மா” என்றார். வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குச் சின்ன அளவு வயலின்களை இரவலாகக் கொடுக்கிற சங்கம் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் எட்டு வயலின் தரத் தயார், சொல்லித்தர இவர் தயார், கற்றுக்கொள்ளச் சலவைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் எட்டுப் பிள்ளைகள் தயார். இடம்தான் இல்லை. அந்த வீடுகளை நான் நேரில் போய்ப் பார்த்தேன், நீ நினைக்கிற மாதிரி யாரோ சொன்னதை நம்பவில்லை. வில்லைப் பாதி இழுப்பதற்குள் முழங்கை சுவரில் இடிக்கும். இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பிள்ளைக்குக் கையை நீட்ட இடம் இல்லை, இங்கே அறுபது நாற்காலி போடுகிற ஹாலில் நான் ஒருத்தி தினமும் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கவில்லை. சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன். “முதல் ரெண்டு மாசம் சத்தமே வராதும்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவது மாசத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாசம் வயலினே கிடையாது. சோப்புத்தூள் வருகிற அட்டைப்பெட்டி, அதற்குக் கழுத்தாக ஒரு மர ஸ்கேல், வில்லுக்குப் பதில் ஒரு மெல்லிய கம்பு. இதைப் பெற்றவர்கள் தங்கள் கையால் செய்து கொண்டுவர வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். தான் செய்ததை எந்த அப்பா அம்மாவும் மூலையில் போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் நம் ஹால் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். வாட்ச்மேன் வேலை பார்க்கிற ஒருவர் பெட்டியின் நான்கு மூலைகளையும் அளந்து அளந்து வெட்டிய அழகைப் பார்த்து நான் அவருக்கு என் நல்ல கத்தரிக்கோலையே கொடுத்தேன். பிறகு இரண்டு மாசம் எட்டுப் பிள்ளைகளும் சோப்புத்தூள் பெட்டியைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள், மாஸ்டர் ஒன்று இரண்டு எண்ணுவார், எட்டுக் கம்புகளும் சேர்ந்து போகும், சேர்ந்து வரும். ஒரு பெட்டி நழுவினாலும் முதலிலிருந்து. சத்தம் கிடையாது. நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த சங்கீதம் அது. வாசலில் நின்று நானே ஒவ்வொருவர் நகத்தையும் பார்ப்பேன். இடது கை நகம் வளர்ந்திருந்தால் தந்தியை அழுத்த முடியாது, நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று மாஸ்டர் சொன்னார். தந்திக்காக நான் பார்க்கவில்லை, இருந்தாலும் பாராட்டை ஏற்றுக்கொண்டேன். பிள்ளைகள் என்னை மிஸ் என்று கூப்பிடுவார்கள், அவர்களைப் பார்த்து மாஸ்டரும். நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது வயது, அப்பா சலவைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவர். எதைப் பார்த்தாலும் ஏன் என்பாள், அதனால் எல்லாரும் கேள்வி என்றே கூப்பிடுகிறார்கள். முதல் நாளே என்னிடம், “மிஸ், உங்க வீட்ல ஏன் நாற்காலிக்கெல்லாம் சட்டை போட்டிருக்கீங்க?” என்றாள். தூசி படாமல் இருக்க என்றேன். “அப்ப சட்டையில தூசி படுமே மிஸ்?” என்றாள். நாற்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

மூன்றாவது மாசம் நிஜ வயலின்கள் வந்தன. தம்பி, எட்டு இரும்புக் கதவுகளை எண்ணெய் போடாமல் ஒரே சமயத்தில் திறந்து மூடினால் எப்படி இருக்கும், அப்படி. முதல் நாள் நான் சமையலறையில் ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டேன். மறுநாள் பல் டாக்டர் இறங்கி வந்தார்.

“அம்மா, என் பேஷண்ட் ஒருத்தர் நாற்காலியில இருந்து எழுந்து ஓடிட்டாரு.”

“ஏன், வலித்ததா?”

“நான் இன்னும் வாயைத் திறக்கவே சொல்லல. கீழயும் ஒரு டாக்டர் இருக்காரா, அங்க என்ன பிடுங்கறாங்கன்னு கேட்டாரு.”

நானும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், மறுக்கவில்லை. பஞ்சுக்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் மாதிரி இறங்கி வந்து கத்தவும் இல்லை.

இப்போது ரோசின் என்பது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மேலே படித்துப் பயனில்லை. வயலின் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. ரோசின் என்பது ஒரு பிசின்கட்டி, பார்க்கப் பழுப்புக் கண்ணாடி மாதிரி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதை முடியின் மேல் தேய்க்க வேண்டும். “இதைத் தேய்க்கலன்னா வயலின் பேசாது மிஸ்” என்று கேள்வி எனக்குச் சொன்னாள். எட்டுப் பேருக்கும் ஒரே கட்டி, அதைப் பத்திரமாக வைத்து எடுத்துக் கொடுக்கிற பொறுப்பு அவளுடையது. அந்தக் கட்டி மூன்று வாரத்துக்கு முன்பு காணாமல் போயிற்று. நாற்காலிகளையெல்லாம் நகர்த்தித் தேடினார்கள். அவள் தன் பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினாள். ஒரு பென்சில், ஒரு ரிப்பன், பாதி கடித்த ஒரு பிஸ்கட். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாஸ்டர் புதுக் கட்டி ஒன்று வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். ஆனால் அதை இன்னும் பிரிக்கவில்லை, தன் சொந்தக் கட்டியையே வாசலில் வைத்து எல்லா வில்லுக்கும் தேய்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாராம், அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டி போன பிறகும் சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை என்பதுதான். ஆக அந்தக் கட்டிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, பிள்ளைகள் சும்மா சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்.

சென்ற வியாழக்கிழமை சங்கத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. பிள்ளைகள் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார், திருப்தியானால் வயலின்கள் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் அன்றைக்கே பெட்டியில் போட்டு வேறு இடத்துக்கு எடுத்துப் போவார். இது விளையாட்டு இல்லை. அதனால் காலை ஒன்பது மணிக்கே ஹாலைக் கழுவித் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். வயலின் பெட்டிகளைத் திறந்தேன். தம்பி, எட்டு வில்லிலும் வெள்ளைப் பொடி! வயலினின் மேலும் அதே பொடி. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஹால் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, ஆளை அனுப்பு என்று உனக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேனா இல்லையா? மூன்றுக்கும் நீ பதில் போடவில்லையா இல்லையா? நீ ஒரு கொத்தனாரை அனுப்பியிருந்தால் நான் அந்தப் பொடியைச் சுண்ணாம்பு என்று நினைத்தே இருக்க மாட்டேன். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வயலின்களை உலர்ந்த துணியால் துடைத்தேன். வில்லில் இருப்பது முடி. முடியை எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுபத்து மூன்று வயதில் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு, இளஞ்சூடான தண்ணீர், இரண்டு முறை அலசல். மொட்டை மாடியில் துணிக் கொடியில் கிளிப் போட்டு எட்டையும் தொங்கவிட்டேன். மூன்று மணிக்குள் பஞ்சு மாதிரி காய்ந்து, பளபளவென்று, கான்வென்டில் பரிசளிப்பு விழாவுக்கு நிற்கிற பெண்கள் மாதிரி இருந்தன. முடி என்றால் எண்ணெய் வைக்க வேண்டாமா என்று அலமாரியைத் திறந்தேன். எண்ணெய்ப் புட்டி காலி. அந்தக் காலிப் புட்டியைத் தூக்கிப் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாஸ்டர் போன் செய்தார்.

“மிஸ், நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்.”

“மாட்டிக்கொண்டால் சரி செய்துகொண்டு வாருங்கள். உங்கள் தொழில்தானே?”

“வெளிய இருந்துதான் மிஸ் சரி செய்ய முடியும். நான் உள்ள இருக்கேன். இன்னொரு ஆள் வந்துக்கிட்டு இருக்கான்.”

“அதிகாரி வந்துவிட்டார்களே!”

“பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க நில்லுங்கன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை அவங்க பார்த்துப்பாங்க.”

நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். அதிகாரி அம்மா மெலிந்த உருவம், மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு ஃபைல். எட்டு வயலினும் தாடைக்கடியில் போயின, எட்டு வில்லும் தந்தியின் மேல் உட்கார்ந்தன, கேள்வி மெதுவாக ஒன்று இரண்டு என்றாள், எட்டுக் கையும் அழகாகப் போய் அழகாக வந்தன. சத்தம் இல்லை. மறுபடி போயின, மறுபடி வந்தன. கண்ணாடி மேல் ஈரத் துணி போகிற மாதிரி ஒரு சின்ன உஸ், அவ்வளவுதான். தம்பி, இரண்டு மாசம் நான் ஆசை ஆசையாகக் கேட்ட அதே மௌனம். இப்போது யாராவது ஒரு கிண்ணத்தையாவது கீழே போட மாட்டார்களா என்று இருந்தது. கடைசியில் நின்ற சின்னப் பையன் வயலினைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “என்னுது செத்துப்போச்சு” என்றான்.

அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, “அட்டை வயலின் கட்டம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதியிருந்தாரே?” என்றார்.

“முடிந்துவிட்டது.”

“அப்ப இது என்ன கட்டம்?”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். இந்த எட்டு வயலினுக்கு வேறு இடத்தில் முப்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று வருத்தமாகத்தான் சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தச் சமயத்தில் கேள்வி தன் வில்லை மூக்கருகே கொண்டுபோய், “மிஸ், ஷாம்பு வாசனை வருது” என்றாள். பதினாறு சின்னக் கண்களும் இரண்டு பெரிய கண்களும் என் பக்கம் திரும்பின. எங்கள் கான்வென்டில் தப்பு செய்தவர்கள் தானாக எழுந்து நிற்க வேண்டும். நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுபடி மாஸ்டருக்குப் போன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொல்லி அதிகாரி அம்மாவே பொத்தானைக் காட்டினார்.

“கழுவினீங்களா? வில்லையா? எல்லா வில்லையுமா?”

“எல்லாவற்றையும். இரண்டு முறை அலசினேன்.”

“அந்த வெள்ளைப் பொடிதான் மிஸ் ரோசின்! அதுதான் தந்தியைப் பிடிச்சு இழுக்கும். அது இல்லன்னா முடி வழுக்கிக்கிட்டுப் போகும், சத்தமே வராது. மிஸ், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எண்ணெய் ஏதாவது வெச்சீங்களா?”

“இல்லை.”

லிஃப்டுக்குள்ளிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. ஒருவருடையது இல்லை, குறைந்தது மூன்று பேருடையது. எண்ணெய் பட்டிருந்தால் எட்டு வில்லும் போனதுபோனதுதானாம். காலிப் புட்டியின் கதை இதுதான்.

அலமாரியில் புதுக் கட்டி இருக்கிறது, எடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. புதுக் கட்டியின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்குமாம், உப்புத்தாளால் சுரண்டினால்தான் பொடி வருமாம். நம் வீட்டில் உப்புத்தாள் எங்கே இருக்கிறது? அப்போது மாடிப்படியில் தடதடவென்று பல் டாக்டர் இறங்கி வந்தார். இந்த நேரத்தில் இவரா என்று எனக்கு ஆத்திரம்.

“என்னம்மா, சத்தத்தை நிறுத்திட்டீங்க?”

“நீங்கள்தானே நிறுத்தச் சொன்னீர்கள்?”

“அது பழைய கதை. கீழ சத்தம் வந்தா பேஷண்டுங்க உங்களைத் திட்டுவாங்க. இப்ப நிசப்தமா இருக்கு, என் மெஷின் சத்தம் மட்டும் கேக்குது, என்னைத் திட்டறாங்க.”

விஷயத்தைச் சொன்னதும் மேலே ஓடிப்போய்ப் பல்லைத் தேய்த்து வழவழப்பாக்குகிற சொரசொரப்பான காகிதம் கொண்டுவந்தார். விரல் அகலம்தான் இருந்தது. மனிதர் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டியைக் கடைவாய்ப் பல் மாதிரி பிடித்துக்கொண்டு சுரண்டினார். அவரைப் பற்றி நான் முதல் பக்கத்தில் எழுதியது எழுதியதுதான், ஆனால் இதையும் எழுதாமல் விட முடியாது. பொடி வந்தது. ஆனால் கழுவின வில்லுக்கு ஒவ்வொன்றுக்கும் நூறு முறையாவது தேய்க்க வேண்டும், எட்டு வில், ஒரு கட்டி, அதிகாரி அம்மாவுக்கு ஆறு மணிக்கு பஸ். இதில் எங்கே முடியும்? அந்த நேரத்தில்தான் காணாமல் போன பழைய கட்டி கிடைத்தது. நான் உள்ளே போனேன், வந்தேன், கையில் இருந்தது. நெருக்கடியில் பொருள்கள் இப்படித்தான் கிடைக்கும். அது ஏற்கனவே தேய்ந்து பழகிய கட்டி, தொட்டால் பொடி. கேள்வியின் கையில் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும், அதை விரலால் தடவிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டியைப் பிள்ளைகள் கைமாற்றிக்கொண்டார்கள், இன்னொரு கட்டியை நாங்கள். பல் டாக்டர் ஒரு வில், நான் ஒரு வில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதிகாரி அம்மா ஃபைலைக் கீழே வைத்து, “கொடுங்க இப்படி, நீங்க ரொம்ப அழுத்தறீங்க” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். லிஃப்டுக்குள்ளிருந்து மாஸ்டர் எண்ணினார். எழுபதுக்கு மேல் அவருடன் மாட்டிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. சின்னப் பையன் பொறுக்காமல் தன் வயலினை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். கர்ர் என்றது. இத்தனை நாள் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்ட அதே கர்ர். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நான் அழவில்லை. “உயிர் வந்துடுச்சு!” என்று கத்தினான். ஐந்து ஐம்பதுக்கு எட்டுப் பேரும் நின்றார்கள், நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார்கள், பிறகு தங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு சின்ன மெட்டு. மூன்று பேர் முன்னால் போனார்கள், இரண்டு பேர் பின்னால் வந்தார்கள், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் முடித்தார்கள். போனில் கைதட்டல் கேட்டது, கூடவே லிஃப்ட் கதவு திறக்கிற சத்தமும் கேட்டது.

அதிகாரி அம்மா எழுந்து, “ரோசின் எதுக்குன்னு இந்தப் பிள்ளைங்களுக்கு இனிமே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல” என்று சொல்லி, இன்னும் இரண்டு வருஷத்துக்கு வயலின்கள் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரே நிபந்தனை, ஹாலின் சொந்தக்காரர்கள் இருவரும் சம்மதம் என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுந்தது. ஊதிவிட்டு, “இதையும் கவனிங்க” என்றார். கவனி.

நான் என் பங்குக்கு எழுதிவிட்டேன். உன் பங்கு வராவிட்டால் இந்த எட்டுப் பேரும் முழங்கை இடிக்கிற அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போவார்கள், அட்டைப்பெட்டியோடு. பல் டாக்டர் சொன்னதை நம்பித்தான் பூட்டிவிடு என்று எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஏழைப் பிள்ளைகளின் பொருளைக் கெடுத்த வீடு என்று பேர் வந்துவிடுமே என்று பயந்தாய். இப்போது உண்மை முழுவதும் உன் முன்னால் இருக்கிறது. பெரிய தாளில், தேதி போட்டு, ‘எனக்குச் சம்மதம்’ என்று எழுது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். கேள்விப்படுவதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு கார்டு போடச் சொல். உன் பல்லும் உன் கண்ணும் நீ படிக்கிற சட்டப் புத்தகங்களும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம். படித்தேன். ‘பஞ்சுக்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை’ என்ற வரி பொய். அடித்து எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும், அதனால் இங்கே திருத்துகிறேன். பழைய கட்டி எங்கும் தொலையவில்லை. என் துணி அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு நானே வைத்தேன். இதைத் தேய்க்காவிட்டால் வயலின் பேசாது என்று அந்தப் பெண் சொன்ன அன்றைக்கே வைத்தேன். அவள் பையைக் கொட்டிக் காட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் நான் அவ்வளவு தேய்த்துத் துடைத்ததற்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை, செய்த தப்புக்கு ஈடு செய்கிற நினைப்பும்தான். ஆக, வேண்டுமென்றே என்று ஊரில் பேசிக்கொள்வதில் தேதி மட்டும்தான் தவறு.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, கட்டியை எடுத்தது நான் என்று சொன்னேன். “தெரியும் மிஸ்” என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்களுக்குள் முதல் தடவையாக ஏன் என்று கேட்டது நான். “சொன்னா ஹாலைப் பூட்டிடுவாங்கல்ல?” என்றாள். பிறகு மற்ற ஏழு பேரையும் மாஸ்டரையும் கூப்பிட்டு நிறுத்தி எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது. இப்போது உன்னிடமும் சொல்லிவிட்டேன்.

இதைப் படித்த பிறகும் சம்மதமா என்று தெரிவி. போனில் வேண்டாம். எழுத்தில் பதில் போடு.